சூடேறாத தொட்டி

ஔந்த் பகுதியில் எங்கள் அடுக்ககத்தில் நாலு வீட்டுக்கு ஓர் உரத்தொட்டி. எங்கள் தொட்டி மட்டும் ஒரு மாதமாகச் சூடேறவில்லை. சூடேறாவிட்டால் குப்பை மக்காது, நாறும். தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் நாலு வீட்டு வாளிகளையும் கிளறிப் பார்த்துவிட்டு என் கதவைத் தட்டினாள்.

“அங்கிள், தினமும் உங்க வாளியிலதான் தட்டு நிறையச் சோறு வருது. அது கட்டி கட்டியா ஒட்டிக்குது, உள்ள காத்தே போக மாட்டேங்குது. கொஞ்சமா வடிக்கக் கூடாதா?” என்று இந்தியில் கேட்டாள்.

மிச்சமான சோறு இல்லை, காக்கைக்கு வைத்தது என்றேன். மனைவி இறந்ததிலிருந்து, நான் சாப்பிடும் முன் அவளுடைய தட்டில் போட்டு ஜன்னலில் வைக்கிறேன். நம்பிக்கையெல்லாம் கிடையாது. அவள் தன் அப்பாவுக்கு வைத்தாள், அதனால் வைக்கிறேன். புறாத் தொல்லைக்காக ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தாயிற்று. எந்தக் காக்கை வரும்? சாயங்காலம் எடுத்து வாளியில் கொட்டிவிடுவேன்.

இதைச் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. வாளியைக் கழுவாமல் வைத்திருக்கிறோமே என்றுதான் தோன்றியது.

“அந்தத் தட்டைக் கீழ தொட்டிகிட்ட கொண்டு வாங்க,” என்றாள்.

மறுநாள் மதியம் தட்டோடு இறங்கினேன். காக்கைகள் குப்பையை இறைத்துவிடும் என்று நாள் முழுக்கக் கம்போடு விரட்டுகிறவள் அவள். என்னைப் பார்த்ததும் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.