பாம்புக்காதும் ஒரு கிர்ர் சத்தமும்

பட்டறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாம்புக்காதுதான். கார் வாசலில் திரும்பும்போதே இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். ஓட்டிப் பார்க்கும்போது ரேடியோ கூடாது, பேச்சு கூடாது. ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கி வைத்துக்கொள்வார். சத்தம் வந்ததும் விரல் மடங்கும். அதுதான் தீர்ப்பு; அப்பீல் கிடையாது.

தையல்கார அம்மாவின் சின்ன காரில் அந்த விரல் இரண்டு தடவையும் மடங்கவில்லை.

"கிர்ர்னு வருதுங்க. மிஷின்ல ஊசி லூசான மாதிரி," என்று சொல்லிப் பார்த்தார் அந்த அம்மா.

"சத்தம் வண்டியில இல்லம்மா. மிஷின் சத்தம் உங்க காதுக்குள்ளயே குடிவந்துருச்சு. வாடகை வசூல் பண்ணுங்க!" என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார் பாம்புக்காது. பெயின்டரும் டயர்க்காரரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த அம்மா சாவியை வாங்கிக்கொண்டு தலை நிமிராமல் போனார்.

மூன்றாம் தடவை சாட்சியோடு வந்தார். சாட்சி, அவருடைய நாத்தனார்.

"அண்ணே, ஜன்னலைத் திறக்கிறதா மூடுறதான்னுகூட எனக்கும் இவங்களுக்கும் ஒத்துப்போனதில்ல. நானே சத்தம் இருக்குன்னு சொல்றேன்னா பாத்துக்கங்க," என்றார் நாத்தனார்.

பாம்புக்காது இருவரையும் பின்னால் உட்காரவைத்து வண்டியை எடுத்தார். விரல் உயர்ந்தது. வேகத்தடையைத் தாண்டியதும் இருவரும் ஒரே குரலில், "இதோ!" என்றார்கள்.

அவருக்கு எஞ்சின் கேட்டது. டயர் கேட்டது. அந்த 'இதோ'வும் கேட்டது. கிர்ர் மட்டும் கேட்கவில்லை.

'கதவு மணி அடிச்சு ஓஞ்சே போச்சு, செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி உக்காந்திருக்கீங்க' என்று வீட்டில் மனைவி சொல்லிக்கொண்டிருப்பது வெறும் நச்சரிப்பு என்றல்லவா நினைத்திருந்தார்!

"ஆமா, கேட்டுச்சு," என்று விரலை மடக்கினார்.

அதன்பிறகு ரோட்டைப் பார்த்த நேரத்தைவிடக் கண்ணாடியைப் பார்த்த நேரமே அதிகம். பின்னால் புருவம் உயரும்போதெல்லாம் இங்கே விரல் மடங்கியது. ஒரு திருப்பத்தில் நாத்தனாரின் புருவம் நெற்றி வரைக்கும் போனது. விரலும் டக்கென்று மடங்கியது.

"இப்ப எதுக்கு மடக்குறீங்க? துணிக்கடையில பாதி விலைன்னு போட்டிருந்தான், அதைப் பாத்தேன். சத்தமே வரலையே!"

கண்ணாடியில் தையல்கார அம்மாவின் கண்கள் அவர் கண்களைச் சந்தித்தன. அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அன்று வாங்கிய கேலியைத் திருப்பிக் கொடுக்க ஒரு சொல் போதும். ஏதோ சொல்ல வந்த நாத்தனாரின் கையை அழுத்திவிட்டு, "ஓரமா நிறுத்துங்கண்ணே," என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார் மனுஷன். காது மடல் வரை சுட்டது.

"எனக்குக் கேக்கலம்மா." எஞ்சினை அணைத்துவிட்டுச் சொன்னார். "அன்னைக்கும் கேக்கல."

"சரி. நான் ஓட்டுறேன். வர்றப்ப சொல்றேன், நீங்க கை வச்சுப் பாருங்க."

பாம்புக்காது இடப்பக்கம் மாறி உட்கார்ந்தார். 'இப்ப' என்று அந்த அம்மா சொல்லச் சொல்ல டேஷ்போர்டு, சீட்டுக்கு அடி என்று உள்ளங்கையை வைத்து வைத்து எடுத்தார். பக்கத்துக் கதவில் வைத்தபோது உள்ளே எறும்பு ஓடுவதுபோல ஒரு நடுக்கம்.

பட்டறைக்குத் திரும்பி, கதவின் உள்பலகையைக் கழற்றினார். கண்ணாடி ஏறி இறங்கும் சட்டத்தில் ஒரு போல்ட் லொடலொடவென்று ஆடியது. அவர் கையால் போட்ட போல்ட் இல்லை. அதில் ஆறுதலும் இல்லை. முறுக்கி முடித்தார்.

"என்னண்ணே, வாடகை வசூல் ஆச்சா?" என்றார் பெயின்டர்.

தையல்கார அம்மா சாவிக்காகக் கையை நீட்டியபடி தரையைப் பார்த்தார்.

"சத்தம் வண்டியிலதான் இருந்துச்சு. எனக்குத்தான் காது கேக்கல."

"பாம்புக்காதுக்கா!" டயர்க்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு மட்டும் ஒரு சொட்டுக் குறையாமல் கேட்டது.

"விளையாட்டுக்குச் சொல்லலப்பா. காது போச்சு. இந்த அம்மாவைக் கேலி பண்ணினது என் தப்பு."

சிரிப்பு நின்றது. அந்த அம்மா சாவியை வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை தலை நிமிர்ந்தே போனார்.

அடுத்து ஒரு வேன் நின்றது. ஏதோ முனகல் என்றார் ஓட்டுநர்.

"பெயின்டரே, கையைத் தொடைச்சிட்டு ஏறுங்க. எனக்கு உங்க காது வேணும்."

வேன் கிளம்பியதும் பெயின்டர் பழக்கதோஷத்தில் அவர் விரலைப் பார்த்தார். அது ஸ்டியரிங்கை விட்டு எழவில்லை.