மாமன் மடியும் பெரிய சார்ஜரும்

அனுமந்தன்பட்டி மிக்கேலுக்கும் வியாகுலமேரிக்கும் மூத்த மகள் எஸ்தர். அப்பன் வழியில் எல்லாரும் திராட்சைக்குக் கொடி கட்டியவர்கள். இவள் ஒருத்திதான் விசேஷ வீடுகளில் பெரிய திரை வைத்துப் படம் காட்டப் போனவள். அதற்கு வேண்டிய கேமிங் லேப்டாப்பை மிக்கேல் சினைமாட்டை விற்று வாங்கிக் கொடுத்தார். "விளையாடவா மாட்டை வித்தே?" என்று சொந்தக்காரர்கள் கேலி பேசினார்கள். இன்றைக்கு அந்த மெஷினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

போன ஆவணியில் உத்தமபாளையம் மண்டபத்தில் வேல்பாண்டியின் மகள்வழிப் பேரனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் மதன்குமாரோ பட்டாளத்தில்; லீவு கிடைக்கவில்லை. ஒன்றுவிட்ட மாமன் ராக்கப்பன் மடி கொடுக்கச் சம்மதித்தான். ஆனாலும் பிள்ளையின் தாய் மகாலட்சுமி ஒற்றைக்காலில் நின்றாள். "போன்ல காட்டுனா பத்தாது. எந்தம்பி சபை முன்னால திரையில வரணும். அப்பத்தான் ஊசியத் தொடணும்."

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போய் ஜெனரேட்டர் மாறியதில் எஸ்தரின் சார்ஜர் செத்துப்போனது. மண்டபத்தில் யாரோ கொடுத்த சின்னச் சார்ஜரைச் சொருகினாள். பேட்டரி ஏறுவதற்குப் பதில் இறங்கிக்கொண்டே வந்தது. திரை கட்டுகிற சகாய பிரவீன் தன் வேனிலிருந்து செங்கல் கணக்காய் ஒன்றைத் தூக்கி வந்தான். அதே கம்பெனி, ஆனால் எஸ்தருடையதைவிட நூறு வாட் கூடுதல்.

வேல்பாண்டி குறுக்கே வந்தார். "வேணாம் ஆத்தா. பெரிய மோட்டாரைப் போட்டு எங்க சொட்டுநீர்க் குழாயெல்லாம் வெடிச்சுச்சு. மாடும் போயி மெஷினும் போகணுமா?"

எஸ்தர் செத்துப்போன தன் சார்ஜரையும் பெரியதையும் திருப்பி, முதுகில் இருந்த எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வோல்ட் இரண்டிலும் இருபது. முனையும் ஒன்றுதான்.

"பெரியப்பா, தோட்டத்துத் தொட்டிய இடிச்சுப் பெருசாக் கட்டுனீகளே, குழாய் வெடிச்சுச்சா?"

"எப்படி வெடிக்கும்? உசரத்தக் கூட்டலயே. தண்ணிதான் கூடக் கிடக்கு."

"வோல்ட்டுதான் உசரம். வாட்டு தொட்டியோட அகலம். எம் மெஷினு வேணுங்கிறதத்தான் இழுக்கும்."

வேல்பாண்டி தாடையைச் சொறிந்தார். "அப்பச் சொருகு. வெடிச்சா ஒன்னைய அந்தத் தொட்டியிலயே தள்ளிருவேன்."

சொருகினாள். இறங்கிக்கொண்டிருந்த பேட்டரி நின்று, ஏறத் தொடங்கியது. திரையில் மதன்குமார் பட்டாளத்து உடுப்போடு வந்தான். "ஏலே மருமகனே, மாமனப் பாரு." பயல் வாயைப் பிளந்து பார்த்தான். பார்த்த நேரத்தில் ஆசாரி இரண்டு காதையும் குத்திவிட்டார். அழுதது மகாலட்சுமிதான்.

முதல் பந்திக்கு எஸ்தரைக் கூப்பிட வேல்பாண்டியே வந்தார். அவள் சார்ஜர்மேல் ஒரு கையை வைத்தபடி, "சூடு அவ்வளவா இல்ல பெரியப்பா. மதன் அண்ணன் பேசி முடிக்கட்டும், வாரேன்" என்றாள்.

அவர் போய் ஒரு தலைவாழை இலையை எடுத்து வந்து அவள் மேசையிலேயே விரித்தார்.

"லேப்டாப்பத் தள்ளி வை ஆத்தா. சாம்பார் ஊத்தணும்."