நாத்தனார் மடித்த உறை

அந்தப் பெண் கோலாலம்பூரிலிருந்து வந்தவள். தேயிலைத் தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் காரை நிறுத்தும் இடத்தருகே நாங்கள் போட்டிருந்த கடையில் ஒரு பேனா வாங்கினாள். அங்கேயே உறையைப் பிரித்துப் பேனாவை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். அது சாவிக்கொத்தின் மேல் விழுந்தது. பிறகு அந்த வெற்று உறையை மடிப்புக் கலையாமல் நீவி, தன் புத்தகத்துக்கு நடுவே பத்திரமாக வைத்துக்கொண்டாள். பேனா நான் செய்தது. உறை என் நாத்தனார் செய்தது.

கல்யாணத்துக்கு முன் நான் தாப்பாவில் ஒரு மரப்பட்டறையில் நாற்காலிக் கால் கடைந்துகொண்டிருந்தேன். கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த பிறகு, இங்கே தோட்டத்தில் கிழட்டுத் தேயிலைச் செடிகளைப் பிடுங்கிப் புதுக்கன்று நட்டபோது, ஒதுக்கிப் போட்ட அடிமரங்களைக் கேட்டு வாங்கினேன். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, பழைய கடைசல் மெஷின் ஒன்றை வைத்துப் பேனா செய்யத் தொடங்கினேன். தேயிலை மரம் முரடு, உடம்பெல்லாம் முடிச்சு. உளி கொஞ்சம் தவறினாலும் பிளந்துவிடும். ஒரு பேனாவைத் தேய்த்து மெருகேற்றி முடிப்பதற்குள் தோள் விட்டுப்போகும்.

ஆனால் அதை எதில் வைத்து விற்பது என்பது மட்டும் பிடிபடவே இல்லை. ஈப்போவிலிருந்து வெல்வெட் பெட்டிகள் வாங்கினேன். மலையின் ஈரத்தில் வெல்வெட்டில் வெள்ளையாகப் பூசணம் பூத்தது. மூங்கில் குழாயில் போட்டேன். பேனா உள்ளே கடகடவென்று உருண்டது. பிளாஸ்டிக் உறையில் போட்டால், பள்ளிக்கூடத்து எதிர்க்கடையில் தொங்குகிற பேனா மாதிரி ஆகிவிட்டது.

என் கணவரின் தங்கை அப்போது திரிங்காப்பில் ஒரு பூத்தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். லோரியில் ஏற்றுகிற செவ்வந்திக் கொத்துகளைக் காகிதத்தில் சுற்றுவது அவள் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள் என் பூசணம் பிடித்த பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணி, இது தேயிலை மரந்தானே? தேயிலை மூட்டைக் காகிதத்துலயே சுத்திப் பார்ப்போமா?" என்றாள்.

தேயிலை ஆலையில் கிழிந்ததென்று கழித்த மூட்டைகளின் தடித்த பழுப்புத் தாள் அது. பசை இல்லை, பின் இல்லை. நாலு மடிப்பு மடித்து நுனியைச் செருகினாள், பூட்டிக்கொண்டது. மூக்கருகே கொண்டுபோனால் தேயிலை வாசம் அடித்தது. நான் இத்தனை நாள் தேடிய உறை அதுதான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அது மட்டும் சுமாராக இருந்திருந்தால் வாய் நிறையப் பாராட்டியிருப்பேன். "பரவால்ல" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு கடைக்கு வந்தவர்கள் முதலில் உறையைத்தான் முகர்ந்தார்கள், உறையைத்தான் படம் பிடித்தார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருநாள் என் கணவர், "பேனாவும் நல்லாத்தான் இருக்கு லா" என்றார். 'பேனாவும்' என்றதில் இருந்த அந்த 'உம்' என்னை எரித்த மாதிரி எதுவும் எரித்ததில்லை. ஈப்போவில் பரிசுப் பெட்டிகள் செய்கிற கம்பெனியின் மேனேஜர் ஒருவர் வந்தபோது, அவருக்காக என் நல்ல பேனாக்களையெல்லாம் பரப்பி வைத்தேன். அவர் ஒரு உறையை எடுத்துக்கொண்டு, "இத மடிச்சது யாரு?" என்றார். அடுத்த மாதமே நாத்தனார் அங்கே வேலைக்குப் போய்விட்டாள்.

அவள் போனால் மனசு ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. மாதாமாதம் எனக்கு உறைகளை மடித்து அனுப்பினாள். ஒன்றில்கூட ஒரு மடிப்பு பிசகியதில்லை. தானா ராத்தா ஹோட்டலில் அவள் வடிவமைத்த தேயிலைப் பெட்டியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் எதிர்ச்சாரியில் நடப்பேன்.

இந்தத் தீபாவளிக்கு வந்தவள் நேராகக் கொட்டகைக்கு வந்து, நான் கடைவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "உங்களப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கும் அண்ணி" என்றாள். நான் மெஷினை நிறுத்தினேன். "உங்க பேனா அவங்க கையிலயே இருக்கும். நான் செஞ்சத எத்தனை பேரு கசக்கிக் குப்பையில போட்டாங்க தெரியுமா? ஞாயித்துக்கிழமையெல்லாம் நம்ம கடையில நின்னு பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

அப்படிக் கசக்கியவர்கள் ஒருவர்கூட என் கண்ணில் பட்டதில்லை. அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அதே சமயம், இதை இவ்வளவு லேசாக வாய்விட்டுச் சொல்ல இவளால் முடிகிறதே என்று அதற்கும் வயிறு எரிந்தது. "எனக்கும் கடையச் சொல்லித் தாங்க" என்றாள். மாட்டியிருந்த துண்டைக் கடைந்து முடித்துவிட்டுத்தான் எழுந்து இடம் கொடுத்தேன்.

அவளுடைய முதல் பேனா கோணலாக வந்தது. அந்தக் கோணலைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. மறுநாள் காலையில் அவளாகவே இன்னொரு துண்டை மாட்டினாள். இரண்டாவது நேராக வந்தது.

டீ எடுத்துக்கொண்டு வந்த என் கணவர் அந்தப் பேனாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது ரொம்ப அழகா வந்திருக்கே" என்று என் பக்கம் திரும்பினார். நாத்தனார் தலை நிமிராமல் மரத்தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பாராட்டை அப்படியே வைத்துக்கொண்டிருக்கலாம்.

"நான் இல்லைங்க" என்றேன். "உங்க தங்கச்சி."