யாரிடமிருந்து வந்தது என்று சொல்லி வாசித்தவர்

ஆமோஸ் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பவானிபூரில் காப்பிப்பொடிக் கடையில் நின்றிருந்தேன். அரைக்கும் சத்தத்தில் அவர் மகள் மீனா போனில் சொன்னது முதலில் காதில் விழவில்லை. இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டேன்.

"அப்பா மதியம் சாப்பிட்டுட்டுப் படுத்தாங்க அத்தை. நாலு மணிக்கு டீ கொண்டு போனேன். எந்திரிக்கல" என்றாள்.

என் வாயில் வந்த முதல் வார்த்தை, "அப்பாடா." மீனா அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைக்காரர்தான் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மயானத்திலும் நான் அழவில்லை என்று சிலர் பேசிக்கொண்டதாகக் கேள்வி. ஏன் அழவில்லை என்று, அவரை அறிந்த உங்களுக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நம் கல்கத்தா தமிழ்ச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பொங்கல் விழாவில் வேட்டி கட்டிக்கொண்டு ஃபிடில் வாசிக்கும் வெள்ளைக்காரர் என்றுதான் நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் இருக்கும் அப்பலாச்சிய மலைகளில், ஒரு நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் பிறந்தவர். அப்பா, சித்தப்பா, தாத்தா எல்லாரும் பகலில் சுரங்கம், சாயங்காலம் ஃபிடில் என்று இருந்தவர்கள். சுரங்க இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலையாக வங்காளத்துக்கு வந்தார். கல்கத்தாவில் நிலக்கரி ஆபீசில் அதிகாரியாக இருந்த மதுரை ருக்மணியைக் கல்யாணம் செய்துகொண்டு டாலிகஞ்சில் தங்கிவிட்டார். தமிழை மனைவியிடம் கற்றார், வங்காளத்தை மீன் கடையில் கற்றார். "என்ன தங்கச்சி, பாலோ ஆச்சோ?" என்று இரண்டு மொழியிலும் ஒரே மூச்சில் நலம் விசாரிப்பார்.

நான் முதன்முதலில் அவர் வாசிக்கக் கேட்டது அவர்கள் வீட்டு முன் அறையில். சின்ன வயதில் எட்டு வருடம் கர்நாடக வயலின் கற்றவள் நான். அந்தத் திமிர் இருந்தது. அவரோ ஃபிடிலைத் தாடைக்குக் கீழே வைக்காமல் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, வில்லைப் பாதியில் பிடித்துக்கொண்டு, காலால் தரையைத் தட்டிக்கொண்டு வாசித்தார். "இப்படிப் பிடிக்கக் கூடாது" என்று நேரடியாகவே சொல்லிவிட்டேன். ருக்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இதுக்குத் தாடை வேண்டாம் தங்கச்சி, காலு நல்லா இருந்தா போதும்" என்றார். அந்தக் கால் சத்தத்துக்காகக் கீழ்வீட்டு சாட்டர்ஜி பாபு இரண்டு முறை மேலே ஏறி வந்திருக்கிறார். இரண்டாவது முறை வந்தவர் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார்.

ஃபிடிலை ஆட்டினால் உள்ளே ஏதோ கலகலக்கும். என்னவென்று கேட்டால், அவர் ஊர்ப் பாம்பு ஒன்றின் வால் கிலுகிலுப்பை என்பார். ஈரமும் எலியும் அண்டாது என்று அங்கே எல்லாரும் போட்டு வைப்பார்களாம். கல்கத்தா மழைக்காலத்தில் அது எந்த ஈரத்தையும் விரட்டியதாகத் தெரியவில்லை. அவர் வாசிப்பில் எனக்குப் பொறுமை வரவும் வெகுநாள் ஆயிற்று. இரண்டே பாதிகள் கொண்ட சின்ன மெட்டை எடுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பதினைந்து தரம் வாசிப்பார். முடிக்கப்போகிறார் என்பதற்கு ஒரே அடையாளம், ஒரு காலை லேசாகத் தூக்குவார். நம் சபையில் பாதிப்பேர் அவர் கையைப் பார்த்ததில்லை, காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் செயலாளர்களைப் படுத்தியது மெட்டின் நீளம் அல்ல, அதற்கு முந்திய பேச்சு. ஒவ்வொரு மெட்டுக்கும் முன்னால் அது யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாமல் வில்லைத் தொடமாட்டார். "இது எங்க சித்தப்பாகிட்ட வாங்கினது. அவருக்கு லாந்தர் துடைக்கிற ஒருத்தர் குடுத்தாரு. அவருக்கு அவரோட மாமியார்" என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு வருடம் மேடையில் அவர் கையில் 'நேரம்' என்று எழுதிய சீட்டைக் கொடுத்தார்கள். அதைப் படித்துவிட்டு, "இது செயலாளர்கிட்டேந்து வந்துச்சு" என்று சபைக்குச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். கீழே இறங்கியதும் நானும் கடிந்துகொண்டேன். "நான் எதையும் செய்யல தங்கச்சி, தூக்கிட்டு வந்து சேக்கிறேன். யார் குடுத்தாங்கன்னு சொல்லலைன்னா எடுத்துட்டு வந்த மாதிரி ஆயிடும்" என்றார். மலையில் அவர்கள் வழக்கம் அது.

அலிப்பூர் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் முப்பத்திரண்டு வருடம் சுருக்கெழுத்து எழுதியவள் நான். சொன்னதை விட, சொல்லாமல் விட்டது எனக்குச் சீக்கிரம் உறைக்கும். ஒரு மெட்டுக்கு மட்டும் அவர் பெயர் எதுவும் சொல்வதில்லை என்பதைக் கவனித்தேன். மெல்ல நடந்து, இரண்டாம் பாதியில் சட்டென்று மேலே ஏறும் மெட்டு. யாராவது விரும்பிக் கேட்டால்தான் வாசிப்பார். அதற்கு முன்னால் தண்ணீர் குடிப்பார், வாசித்துவிடுவார்.

ருக்மணி இறந்து ஒரு வருடம் கழித்துத்தான் அதைப் பற்றிக் கேட்டேன். ஃபிடிலைப் பெட்டியில் வைத்து மூடினார். பிறகு சொன்னார். அந்த மெட்டு அவருடைய அண்ணன் வெர்ன் தன் கல்யாணத்துக்காகக் கட்டியது. மணப்பெண்ணுக்கு வாசித்துக் காட்டியபோது இவர் கதவுக்கு வெளியே நின்று மனதில் வாங்கிக்கொண்டார். அடுத்த கோடையில் பக்கத்து ஊரில் ஃபிடில் போட்டி. இவர் மேடை ஏறி அதை வாசித்தார். யாருடையது என்று நடுவர் கேட்டதற்கு, "என்னுடையது" என்று சொல்லிவிட்டார். முதல் பரிசாக ஒரு நீல ரிப்பனும் ஒரு மூட்டை மாவும் கிடைத்தன. கூட்டத்தில் இருந்த அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். அதன் பிறகு தம்பியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவது வருடம் இவர் கப்பல் ஏறிவிட்டார்.

"வேலைக்குன்னு சொல்லிட்டு வந்தேன். வேலைக்கு வரல" என்றார்.

ஐம்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அண்ணன் உயிரோடு இருப்பது மட்டும் தெரியும். மீனாவுக்கு வெர்னின் மகள் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புவாள். சாவதற்குள் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது ஆமோஸ் அண்ணனுக்கு ஒரே ஆசை. வாய்விட்டுச் சொல்லத் தன்னால் முடியாது என்பதும் அவருக்கே தெரிந்திருந்தது. கடிதமாகச் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்றேன். சனிக்கிழமை தோறும் மெட்ரோ பிடித்து நோட்டும் பென்சிலுமாகப் போனேன். "அன்புள்ள வெர்ன்" என்பார். நிறுத்துவார். டீ வரும். ஐந்து சனிக்கிழமைகளில் என் நோட்டில் அந்த இரண்டு சொற்களும் ஐந்து முறை இருந்தன. அதற்குள் இருதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விமானம் ஏறுவது நடக்காது.

ஆறாவது சனிக்கிழமை எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊரார் பேரெல்லாம் சொல்லிக்கிட்டு வாசிக்கிறீங்க, சொந்த அண்ணன் பேரு வாயில வரமாட்டேங்குது. இன்னைக்கே போன் போடு மீனா" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு வந்தார். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வெர்ன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் இந்த இருதயம் தாங்குமா என்று யோசிக்காமல் பேசிவிட்டேனே.

இங்கே சாயங்காலம் ஏழு மணி, அங்கே காலை. திரையில் தொப்பி போட்ட கிழவர் ஒருவர், பக்கத்தில் அவர் மகள். அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் நலம் விசாரிக்கவில்லை. ஆமோஸ் அண்ணன் ஃபிடிலை எடுத்து, "இது என் அண்ணன் வெர்ன்கிட்டேந்து வந்தது. அவரைக் கேக்காம எடுத்தது" என்று அவர்கள் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வாசித்தார். கால் தட்டவில்லை. நான் மீனாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் அந்தக் கிழவர் ஏதோ சொன்னார். அவர்களுடைய மலை ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரியும். மீதியை ஆமோஸ் அண்ணன் பிறகு சொன்னார். "இரண்டாம் பாதியைத் தப்பாக வாசிக்கிறாய்" என்பதுதான் முதல் வாக்கியம். அடுத்து அவர் தொப்பியைக் கழற்றினார். "அது என்னுடையதும் இல்லை" என்றார். சுரங்கக் குடியிருப்பில் துணி துவைத்துக் கொடுத்த எட்டா என்ற அம்மாள் துணி பிழியும்போது முணுமுணுத்த மெட்டு அது. அதைத் தான் கட்டியதாக மணப்பெண்ணிடம் சொல்லிவிட்டார் வெர்ன். போட்டி நடந்த அன்று எட்டா அம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். வெர்ன் எழுந்து 'அது என் மெட்டு' என்று சொன்னால் அவர் முன்னால் தன் குட்டும் உடைந்துவிடும். அதனால்தான் வெளியே போனார். தம்பியோடு பேசினால் பேச்சு அங்கே வந்துவிடும் என்று பேசாமலே இருந்துவிட்டார். பேசாமல் இருந்து பழகியும் போய்விட்டது.

ஆமோஸ் அண்ணன் அழுகிறார் என்று முதலில் நினைத்தேன். பார்த்தால் சிரிக்கிறார். அங்கே அவரும் சிரிக்கிறார். சாட்டர்ஜி பாபு என்னவோ ஏதோ என்று படியேறி வந்துவிட்டார். அன்று அந்த அறையில் ஐம்பது வருடத்துப் பாரம் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்கே மூச்சு லேசாகிவிட்டது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை. அண்ணனும் தம்பியும் போனில் இரண்டாம் பாதியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். நான் டீ குடித்துவிட்டு வருவேன். பொங்கல் விழாவில் அந்த மெட்டை வாசிக்கும் முன், "எட்டா அம்மாகிட்டேந்து வெர்ன், சொல்லாம. வெர்ன்கிட்டேந்து நான், கேக்காம" என்று அவர் சொன்னதும் நீங்கள் சிரித்தீர்கள். அந்த வார்த்தைகளுக்குள் என்ன இருந்தது என்று இப்போது உங்களுக்குப் புரியும். ஐந்து வாரம் கழித்து, வயிறார மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டுப் போனவரை நினைத்து எனக்கு அழுகை வரவில்லை. நிம்மதிதான் வந்தது.

அவரிடமிருந்து எனக்கு எஞ்சியது என்ன என்று சொல்லித்தானே இப்படிப்பட்ட கட்டுரைகளை முடிப்பார்கள். நானும் சொல்கிறேன். அவரை அவ்வளவு விரட்டியதற்கு என் நல்ல மனது மட்டும் காரணம் இல்லை. நம் விழாக்கள் தொடங்கும்போது இருபது வருடமாக நீங்கள் பாடும் வரவேற்புப் பாட்டை எழுதியது நானில்லை. திருச்சியில் இருக்கும் என் ஓரகத்தி சரோஜா எழுதியது. முதல் வருடம் என் கையெழுத்தில் இருந்த தாளைப் பார்த்துவிட்டு, எழுதியவர் வசந்தா என்று என் பெயரை மேடையில் அறிவித்தார்கள். சால்வை போர்த்தினார்கள். நான் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சரோஜா கல்கத்தாவுக்கு வந்ததே இல்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று.

நேற்றுக் காலை அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். "அந்தப் பாட்டை அங்க இன்னுமா பாடுறாங்க அக்கா?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. எத்தனை பேர் பாடுவார்கள், யார் ஆரம்பிப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பாடிக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

அடுத்த விழாவில் பாட்டுக்கு முன்னால் அவள் பெயரைச் சொல்லுங்கள். சொல்ல மறந்தால், நான் எழுந்து நின்று சொல்வேன்.