கீழ் ரூமுக்குத் தனி வழி

சரோஜம்மாள் வீட்டுச் செல்லாரை ரூமாக்கிக் குடுத்த மேஸ்திரி நான்தான். அதுக்காக எனக்கு யாரும் மாலை போட வேணாம். அங்க பண்ணின வேலையை நெனச்சா எனக்கே எரிச்சலா வருது.

ஓசூர்ல சரிவான மனையில கட்டின வீடு. முன்பக்கம் ரோட்டு மட்டம், பின்பக்கம் நல்ல பள்ளம். அந்தப் பள்ளத்துல, வீட்டுக்கு அடியில, கார் நிறுத்தறதுக்குன்னு அவங்க வீட்டுக்காரர் கோவிந்தப்பன் செல்லார் போட்டிருந்தார். காவேரிப்பட்டினத்து நிலத்தை வித்துட்டு வந்து கட்டினது. நாலு வருஷம் இருந்தார், கார் வாங்காமலே போய்ட்டார். மக அனிதா புனேயில. ஞாயித்துக்கிழமை போன் வரும், சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அவ்ளோதான். வீட்டு முன்னாடி கம்பெனி பஸ்ஸு வரிசையா போகும். அந்தம்மாகிட்ட நின்னு பேச ஒரு ஆள் கெடையாது.

"தமிழரசா, கீழ ரெண்டு பொண்ணுங்க தங்கற மாதிரி பண்ணிக் குடுப்பா. வீட்டுல பேச்சுக்குரல் கேக்கணும்"னாங்க. வாடகை எவ்ளோ வரும்னு ஒரு வார்த்தை கேக்கலை. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

நான் என் கெத்தைக் காட்டினேன். மண்ணை ஒட்டின செவுத்துல ஓதம் ஏறியிருந்துச்சு, பழைய பூச்சைக் கொத்திட்டு வாட்டர் ப்ரூஃப் கலந்து புதுசா பூசினேன். ஜன்னல் வச்சேன், டைல்ஸ் போட்டேன், பாத்ரூம், சமையல் மேடை எல்லாம் தனி. ஹால்ல இருந்து செல்லாருக்கு எறங்க உள்ளயே ஒரு படி இருந்துச்சு. அதை மட்டும் விட்டுடுப்பான்னாங்க. வயசுப் பொண்ணுங்க தனி வழிதான் கேப்பாங்க, உள்படி இருந்தா ஒருத்தரும் வர மாட்டாங்கன்னு பெரிய இவனாட்டம் பேசி, செங்கல் வச்சு அடைச்சிட்டேன்.

ஸ்வாதி, ரூபான்னு ரெண்டு பேர் வந்தாங்க. செல்போன் பார்ட்ஸ் கம்பெனியில நைட் ஷிப்ட். காலையில பின் கேட் வழியா வந்து படுத்தா சாயங்காலம்தான் எழுந்திரிப்பாங்க. தங்கமான புள்ளைங்க, ஒரு தொல்லை கெடையாது. அதுதான் வெனையே. பொண்ணுங்க தூங்குதுன்னு அந்தம்மா மிக்ஸி போடறதில்ல, டிவி சத்தத்தையும் கொறச்சுட்டாங்க. பேச்சுக்குரல் கேக்கறதுக்குன்னு ரூம் கட்டினவங்க, சொந்த வீட்டுல பூனையாட்டம் நடந்தாங்க.

மூணாம் மாசம் ஸ்வாதி போன் பண்ணுச்சு. "அண்ணா, கீழ தண்ணி வரலை. ஆன்ட்டிகிட்டயும் சொல்லப் போறோம்."

போய்ப் பாத்தேன். மாடியில டேங்க் ஃபுல்லா இருக்கு. மேல் வீட்டுச் சமையல்கட்டுக்கு வெளிய, கீழ் ரூமுக்குத் தண்ணி போற லைனோட கேட் வால்வு இறுக்க மூடிக் கெடக்கு. அது தானா மூடாது. உள்ள எட்டிப் பாத்தா, பொண்ணுங்க ரெண்டும் ஹால்ல காபியும் முறுக்குமா உக்காந்திருக்கு. கோவிந்தப்பன் கார் பாக்கப் போயி, ஷோரூம்ல டீ மட்டும் குடிச்சிட்டு வந்த கதையை அந்தம்மா சொல்லிச் சிரிக்கறாங்க. அவங்க சிரிச்சு நான் பாத்ததே இல்ல. வால்வைத் தெறந்துட்டு, "லைன்ல காத்து அடைச்சிருந்துச்சு"ன்னேன். அந்தம்மா என்னைப் பாக்காம டம்ளரை எடுத்துட்டு உள்ள போய்ட்டாங்க.

அப்புறம் வாரம் தவறாம காத்து அடைச்சுது. பொண்ணுங்க மேல போகும், காபி குடிக்கும், தண்ணி வந்துடும். நான் வாயே தெறக்கலை. யாருக்கு என்ன நட்டம்?

போன வாரம் ஸ்வாதி மறுபடி கூப்பிட்டுச்சு. "அண்ணா, ஒரு ட்ரம் வாங்கிட்டு வந்து பைப் குடுத்துடுங்க. வர்றப்போ புடிச்சு வச்சுக்கறோம். எங்களால பாவம் ஆன்ட்டிக்குத்தான் ஒவ்வொரு வாட்டியும் தொந்தரவு." நல்ல மனசோட சொல்ற புள்ளைகிட்ட நான் என்னத்தைன்னு கோவப்படறது?

நீல ட்ரம்மைத் தோள்ல வச்சுப் பின்பக்கமா எறங்கறேன். மேல கைப்புடிச் செவுத்துகிட்ட சரோஜம்மாள் நிக்கறாங்க. எதுக்கு அதுன்னு கேட்டாங்க. சொன்னேன்.

ட்ரம்மோட உசரத்தைக் கண்ணால அளந்தாங்க.

"எத்தனை நாளைக்கு வரும்?"

எரநூறு லிட்டர். அளவா புழங்கினா ரெண்டு பேருக்கு மூணு நாள் தாராளமா வரும்.

"ஒரு நாளைக்கே பத்தாதுங்கம்மா"ன்னேன்.