வெயிலில் காய்ந்த கண்ணாடிக் கூடு

விடத்தல்தீவில் மாதாவின் சொரூபத்தைச் சுமக்கும் திருநாட் பவனிக் கூட்டுக்கு ஆண்டுதோறும் முகக்கண்ணாடி வெட்டிப் பதிப்பவள் எடித். போர் தொடங்கிய பின்னரும் அவள் அதை விடவில்லை. அன்று முற்றத்தில் உட்கார்ந்து வெட்டி ஒட்டி முடித்து, பசை காயக் கூட்டை வெயிலில் வைத்தாள்.

"மாதா ஏற முதலே கூடு மின்னுது, பாரப்பா!" என்று கணவன் பஸ்ரியன் சிரித்தான்.

கடற்பக்கமாகக் கடந்துபோன இராணுவ ஹெலிகொப்டர் திடீரெனத் திரும்பியது.

"ஐயோ, ஆருக்கோ வெளிச்சம் காட்டுறமெண்டு சுடப்போறாங்கள்! பாயைக் கொண்டுவாங்கோ!" என்று எடித் கத்தினாள்.

இருவரும் படகுப்பாயால் கூட்டை மூடினார்கள். இரைச்சல் நெருங்கியது. எடித் குனிந்து பார்த்தாள். அவள் வெட்டிக் கழித்த கண்ணாடிச் சில்லுகள் முற்றமெங்கும் மின்னின. வெறுங்கையால் மணலை அள்ளி அவற்றை மூடத் தொடங்கினாள். ஹெலிகொப்டரின் நிழல் வேலியைத் தாண்டி வந்தது.