அவித்த பயறும் சிக்ஸ் பாக்கும்

என் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அறியும் ஆசை எனக்குக் கோயிலில்தான் வந்தது. தேர் இழுப்பதற்காகச் சேட்டைக் கழற்றிவிட்டு வடத்தைப் பிடித்தபோது, பக்கத்தில் நின்ற, மேசன் வேலைக்குப் போகிற ஒருவரின் வயிறு கட்டுக்கட்டாகப் பிரிந்து கிடந்ததைக் கண்டேன். அந்த மனிதர் ஜிம் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார். குனிந்து என்னுடையதைப் பார்த்தேன். வேட்டிக்கு மேலே சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. எனக்கும் உள்ளே அப்படி ஏதாவது இருக்குமா, இல்லை, கதிரையில் இருந்து வேலை செய்கிறவனுக்குக் கடவுள் அதை வைக்கவே இல்லையா?

அடுத்த கிழமையே கிளிநொச்சியில், கண்டி வீதியோரம் ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடியில் இருந்த ஜிம்மில் சேர்ந்தேன். அங்கே பயிற்சி தருகிறவர் என்னைவிட இளையவர். முதல் நாளே என் சந்தேகத்தைக் கேட்டுவிட்டேன்.

"எல்லாருக்கும் இருக்கு அண்ணை. உங்களுக்கு மேல கொழுப்பு மூடிக்கிடக்கு. சோத்தைக் குறையுங்கோ, தேங்காய்ப்பாலை அடியோட நிப்பாட்டுங்கோ. முட்டையில வெள்ளையை மட்டும் சாப்பிடுங்கோ."

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். குசினி அம்மாவின் இராச்சியம். மத்தியானத்துக்குக் கொஞ்சம் குத்தரிசிச் சோறு, சுட்ட மீன், முட்டை வெள்ளை. இரவுக்கு உப்புப் போட்டு அவித்த பயறு, வேறொன்றும் வேண்டாம் என்றேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப முட்டை மஞ்சளை என்ன செய்யிறது?"

"நாய்க்கு வையுங்கோ."

"உனக்கென்ன விசரே?" என்றார். அதற்கு மேல் தர்க்கம் பண்ணவில்லை. அவ்வளவு இலேசில் எதற்கும் ஒத்துக்கொள்கிற மனுசி அல்ல அவர்.

உடம்பு என்பது இப்படி ஒரு புதினமான சாமான் என்று அதுவரை எனக்குத் தெரியாது. முதல் மாதம் பல் தீட்டக் கையைத் தூக்க முடியவில்லை. சிரித்தால் வயிறு நொந்தது. நோகிறதென்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்று உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன். போகப் போகச் சேட்டுக் கை இறுகியது, கன்னம் ஒட்டியது, நெஞ்சுக்குக் கீழே விலா எலும்பு தெரியத் தொடங்கியது. வயிறு மட்டும் அசைய மாட்டேன் என்றது. காலையில் ஒருமுறை, குளித்த பிறகு ஒருமுறை என்று சேட்டில்லாமல் கண்ணாடி முன் நின்று, அமத்திப் பார்த்தும் எக்கிப் பார்த்தும் ஆராய்ச்சி செய்தேன்.

"சாப்பாட்டை ஒழுங்காத்தான் சாப்பிடுறீங்களோ?" என்று ஜிம்மில் பயிற்சி தருகிறவர் கேட்டார்.

"ஓம், ஒரு கஷ்டமும் இல்லை. அவிச்ச பயறு இவ்வளவு உருசியா இருக்குமெண்டு எனக்கு இப்பத்தான் தெரியும்."

அவர் தூக்கிய பாரத்தை இறக்கி வைத்தார். "அவிச்ச பயறு உருசியா இருக்காது அண்ணை. வீட்டில ஒருக்காப் பாருங்கோ."

அன்று பயிற்சியைப் பாதியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். குசினி வாசலில் நாய் படுத்திருந்தது. அத்தனை மஞ்சள் தின்றும் கொஞ்சமும் கொழுக்கவில்லை. உள்ளே அம்மா என் பயற்றுக் கோப்பையில் முட்டை மஞ்சளை மசித்துப் போட்டுவிட்டு, பிழிந்து வைத்த தேங்காய் முதற்பாலைக் கையில் எடுத்திருந்தார். என்னைக் கண்டதும் அப்படியே நின்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "ஏனம்மா இப்பிடிச் செய்யிறியள்? நான் அங்க மாடு மாதிரிப் பாரம் தூக்கிறன்."

"எலும்பு தெரியிற பெடியனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்?"

"அந்தக் கதையை விடுங்கோ. உண்மையைச் சொல்லுங்கோ."

அம்மா கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ கண்ணாடிக்கு முன்னால நிக்கேக்க உன்ர விலாவைக் கண்டனான். அண்டைக்குப் பங்கருக்குள்ள நீ படுத்திருக்கேக்க, மூச்சு வருதோ எண்டு அந்த விலாவைத்தான் தடவித் தடவிப் பாத்தனான்."

யுத்தத்தின் கடைசி மாதங்களில் பதுங்கு குழிக்குள் கிடந்ததைச் சொல்கிறார். நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. பசி எனக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மாவின் கை ஞாபகம் இல்லை.

"உப்புத் தண்ணியில அரிசி மிதக்கும். அதுதான் கஞ்சி. அதுக்கு விட ஒரு சொட்டுப் பால் கிடைக்கேல்லை. இப்ப முற்றமெல்லாம் தேங்காய் விழுந்து கிடக்கு, நீ பால் வேண்டாம் எண்டுறாய். நான் என்ன செய்யிறது, தம்பி?"

பயற்றுக் கோப்பையை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். அம்மா மெதுவாகப் பாலை விட்டார். பயறு மூடுமட்டும் விட்டார்.

"காணுமோ?"

எனக்குப் போதும்.

"இன்னும் கொஞ்சம் விடுங்கோ அம்மா" என்றேன்.